பழைய காருக்கு அடிபட்டால் பெயிண்ட் பணத்தை யார் தருவார்?

மீஞ்சூரிலிருந்து காட்டூர் வழியாகப் பழவேற்காட்டுக்குப் போகிற வழியில் காரின் பெயிண்ட்டுக்கு எதிரிகள் அதிகம். ஏரிப் பக்கமிருந்து உப்புக்காற்று வரும். அத்திப்பட்டுப் பக்கமிருந்து அனல்மின் நிலையச் சாம்பல் வரும். மீஞ்சூரைத் தாண்டுவதற்குள் துறைமுகங்களுக்குப் போய்வரும் கன்டெய்னர் லாரிகளோடு உரசாமல் வரவேண்டும். உப்பும் சாம்பலும் வருஷக்கணக்கில் மெல்லத் தின்னும். லாரியோ ஒரே உரசலில் கதவையும் மட்கார்டையும் வாரிக்கொண்டு போய்விடும்.

காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில் இந்தச் சேதங்கள் ஒன்றல்ல. உப்பு அரித்ததற்கும் சாம்பல் மங்கடித்ததற்கும் ஒரு ரூபாயும் கிடைக்காது. அது தேய்மானம், பாலிசியிலேயே விலக்கிவிட்டார்கள். லாரி இடித்ததற்குப் பணம் உண்டு. ஒரே கதவில் கீழே துருவும் மேலே லாரியின் கீறலும் இருந்தால்? பழைய கார் வைத்திருக்கிறவர்களின் பாதித் தகராறு அந்தக் கதவில்தான் ஆரம்பிக்கிறது.

இந்தப் பகுதிக்கும் பழைய கார்களுக்கும் உறவு உண்டு. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், மறு வருஷம் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பொருத்தி வெளியே அனுப்ப ஆரம்பித்தது. 1955-ல் அந்த நிறுவனம் அசோக் லேலண்ட் ஆகி லாரிக்கும் பஸ்ஸுக்கும் போனது. அதே காலகட்டத்தில் பக்கத்துத் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் உருவாகத் தொடங்கியது. தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1960-களில் ஹெரால்டு கார்களைச் செய்தது. இன்று கல்யாண ஊர்வலத்தில் பூ சுற்றி வருகிற, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் உறை நீக்கப்படுகிற பல கார்கள் சென்னையைச் சுற்றியே உருவானவை. அவற்றுக்கு அடிபடும்போது, பிறந்த ஊரிலேயே அவற்றின் மதிப்பை நிரூபிக்க முடியாமல் உரிமையாளர் திண்டாடுகிறார்.

நஷ்ட ஈட்டுத் தொகை விபத்துக்குப் பிறகு முடிவாவதில்லை. பாலிசி எடுக்கிற நாளில், இரண்டு மூன்று கட்டங்களை நிரப்பும்போதே அதில் பெரும்பங்கு முடிவாகிவிடுகிறது. அந்தக் கட்டங்களை ஏஜென்ட்டின் கையில் விட்டுவிட்டு, அடிபட்ட பிறகு சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரோடு மல்லுக்கட்டுவதில் பயன் குறைவு.

எது ‘வின்டேஜ்’?

2002-ல் நடைமுறைக்கு வந்த வாகனக் காப்பீட்டு விதித்தொகுப்பான இந்திய மோட்டார் டாரிஃப், வின்டேஜ் காருக்கு ஓர் எல்லை போட்டது. 1940 டிசம்பர் 31-க்கு முன் தயாரான காராக இருக்க வேண்டும். இந்திய வின்டேஜ் அண்டு கிளாசிக் கார் கிளப்பின் சான்று வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் 25 சதவீதம் தள்ளுபடி. அதைவிடப் பெரிய சலுகை ஒன்றும் உண்டு. வண்டிக்கு இன்ன மதிப்பு என்று இருதரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பாலிசி எழுதலாம். வண்டி முழுசாகப் போய்விட்டால் அந்தத் தொகை தேய்மானம் கழிக்காமல் கிடைக்கும். இந்த வகைப் பாலிசியை வேறெந்தக் காருக்கும் எழுதக் கூடாது என்பது டாரிஃப் விதி. 2007 முதல் பிரீமியம் விகிதத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்றான பிறகும், பாலிசி வாசகங்களின் எலும்புக்கூடு பெரும்பாலும் அந்த டாரிஃப்தான்.

மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் வேறோர் அளவுகோலைக் கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகள் தாண்டிய கார்களும் இருசக்கர வாகனங்களும் வின்டேஜ். சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் உருவில் இருக்க வேண்டும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குப் பின் மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதுப் பதிவு எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். பழைய எண் ஏற்கெனவே இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். இப்படிப் பதிவான கார்களுக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி என்று 2022-ல் அறிவிப்பு வந்தது.

1949-ல் எண்ணூரிலிருந்து புறப்பட்ட ஆஸ்டின், போக்குவரத்து விதிப்படி வின்டேஜ். டாரிஃப் விதிப்படி சாதாரணப் பழைய கார். இன்னும் நூறு வருஷம் ஓடினாலும் டாரிஃப் அதை வின்டேஜ் என்று ஏற்காது. பதிவான நாளிலிருந்து 50 ஆண்டுகளை எண்ணுவதுதான் நியாயமான கணக்கு. 1940 என்ற உறைந்துபோன தேதி, சுதந்திரத்துக்குப் பிறகு இந்த நாட்டில் உருவான எல்லாக் கார்களையும் வெளியே நிறுத்துகிறது. முதல் அம்பாசடரும் முதல் ஃபியட்டும் எண்ணூர் ஆஸ்டினும் ஒருசேர அதில் அடிபடுகின்றன. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதைத் திருத்தியே ஆகவேண்டும்.

வின்டேஜாகப் பதிவு செய்வதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. அந்தக் காரை அன்றாடப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் வரலாம். அப்படிப் பதிவான வண்டியை வாடகைக்குக் கல்யாண ஊர்வலத்தில் விட்டு அடிபட்டால், விதிமீறல் என்று காப்பீட்டு நிறுவனம் கேள்வி எழுப்ப வழி கிடைத்துவிடும். பொன்னேரிச் சந்தைக்கும் உறவினர் வீட்டுக்கும் எடுத்துப் போகிற வண்டியென்றால், சாதாரணப் பதிவிலேயே வைத்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொள்வது மேல்.

ஒரு கதவுக்குள் எத்தனை வேலை

பழைய காரின் பெயிண்ட்டை அலங்காரம் என்று நினைப்பவர்கள் பட்டறையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்தக் காலத் தகடுகளுக்கு இன்றைய கார்களைப்போலத் துத்தநாகப் பூச்சு கிடையாது. பெயிண்ட் உரிந்த இடத்தில் வெறும் இரும்பு. பழவேற்காட்டுக் காற்றில் ஒரு மழைக்காலம் போதும், துரு பக்கத்துத் தகட்டுக்கும் ஊர்ந்துவிடும்.

அடிபட்ட கதவைக் கழற்றி, டிங்கர் உள்பக்கத்திலிருந்து தட்டி உருவம் கொண்டுவருகிறார். பழைய பெயிண்ட்டையும் பட்டியையும் சுரண்டி வெறும் தகடு வரை போகிறார். பல கார்களில் நாலைந்து முறை அடித்த பெயிண்ட் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வோர் அடுக்கும் வேறு வேறு கைகள் செய்தது. அப்புறம் பிரைமர், மெல்லிய பட்டி, தேய்ப்பு, சர்ஃபேசர், மறுபடி தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரில் தேய்ப்பு. இதெல்லாம் முடிந்த பிறகுதான் நிறம். இதில் செலவாவது முக்கால்வாசி மனிதக் கைகளின் நேரம்.

நிறத்திலும் கஷ்டம் உண்டு. அந்தக் காலத்தில் டக்கோ என்று எல்லாரும் சொன்ன லேக்கர் வகைப் பூச்சு இருக்கிற வண்டியில், இன்றைய இரட்டைக் கலவை பெயிண்ட்டை நேராக அடித்தால் அதன் வலுவான தின்னர் அடியிலிருக்கும் பூச்சைக் கிளப்பிவிடும், மேல்தோல் சுருங்கிக்கொள்ளும். முழுக்கச் சுரண்டிவிட்டு அடிக்க வேண்டும், அல்லது பழைய வகைப் பூச்சையே தேடிப்பிடிக்க வேண்டும். அப்படியே அடித்தாலும், வெயிலில் இருபது வருஷம் வெளுத்த பக்கத்து மட்கார்டோடு புதுக் கதவு சேராது. கம்ப்யூட்டரில் நிறம் கலந்து தருகிற கடைகள், கம்பெனி குறியீட்டை வைத்துக் கலந்தால் கம்பெனி விட்ட நாளின் நிறம் கிடைக்கும். வண்டியில் இருப்பது அந்த நிறமல்ல. பெயிண்டர் கண்ணால் பார்த்துப் பக்கத்துத் தகட்டுக்குள்ளும் கொஞ்சம் இழுத்து மங்கலாக்கி விடுவார். தெரிந்தவர் கையில் இது கலை.

பாலிசியின்படி நிறுவனம் கொடுக்க வேண்டியது அடிபட்ட தகட்டுக்கு மட்டும். நிறம் சேரவில்லை என்பதற்காக முழு வண்டிக்கும் பெயிண்ட் கேட்டால், விபத்துக்கு முன்னிருந்ததைவிட மேலான நிலைக்கு வண்டியைக் கொண்டுவரப் பார்க்கிறீர்கள் என்பார்கள். அந்த வாதத்தில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்துத் தகட்டில் இழுத்துவிடுகிற வேலை மேம்பாடு ஆகாது. அது அடிபட்ட தகட்டின் பழுதை முடிக்கிற வேலை. எஸ்டிமேட்டில் அதைத் தனி வரியாக, காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். ‘முழு பெயிண்ட்’ என்று ஒரே வரியில் போட்டால் சர்வேயர் அடித்துவிடுவார். ‘முன் மட்கார்டில் நிறம் இணைப்பு’ என்று போட்டால் பேசலாம்.

கணக்கு

தேய்மானப் பட்டியல் பழைய காரின் மீது கடுமையாகத்தான் விழுகிறது. வண்டிக்குப் பத்து வயது தாண்டினால் உலோகப் பாகங்களுக்குப் பாதி விலைதான். ரப்பர், பிளாஸ்டிக், டயர், டியூப், பேட்டரிக்கு எந்த வயதிலும் பாதி. ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதம் கழியும். கண்ணாடிக்குக் கழிவில்லை. இந்தக் கழிவை இல்லாமல் செய்கிற ஜீரோ டிப்ரிஷியேஷன் இணைப்பு பெரும்பாலும் புதிய வண்டிகளுக்கே. ஆஸ்டின்காரர் அதை மறந்துவிடலாம்.

பெயிண்ட்டுக்கு மட்டும் டாரிஃப் வேறொரு கணக்கு வைத்திருக்கிறது. பலருக்கும் அது தெரியாது. பெயிண்டிங் செலவில் பொருளுக்கான பங்கில் மட்டும் 50 சதவீதம் கழிப்பார்கள். கூலியில் கழிக்கக் கூடாது. கூலியும் பொருளும் பிரிக்காமல் ஒரே தொகையாக பில் வந்தால், அதில் 25 சதவீதத்தைப் பொருள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். தொகைகள் கணக்குக்காக நான் வைத்தவை. ஆஸ்டின் ஏ40-யின் இடது கதவும் பின் மட்கார்டும் நசுங்கியிருக்கின்றன. டிங்கரிங் கூலி 18,000 ரூபாய். மட்கார்டுக்குத் தகடு 12,000. ரப்பர் பீடிங் 4,000. பெயிண்டிங் மொத்தமாக 40,000. ஆக 74,000 ரூபாய். தகட்டில் பாதி, 6,000 போகும். ரப்பரில் 2,000 போகும். பெயிண்டிங்கில் கால்வாசியான 10,000-தான் பொருள். அதில் பாதி, 5,000 போகும். மிச்சம் 61,000. இன்ஜின் 1,500 சிசிக்குள் இருப்பதால் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். கைக்கு 60,000 வரவேண்டும்.

அதே பெயிண்டிங் பில்லைப் பிரித்து, பொருள் 16,000, கூலி 24,000 என்று பட்டறைக்காரர் எழுதியிருந்தால் கழிவு 5,000 அல்ல, 8,000. பொருளின் உண்மையான பங்கு கால்வாசிக்கு மேலே போகிற வேலையில் மொத்த பில்லே உங்களுக்கு லாபம். கை வேலை மிகுந்து, பொருள் கால்வாசிக்கும் கீழே இருக்கிற வேலையில் பிரித்த பில் லாபம். இரண்டுமே விதி அனுமதிக்கிற வழிகள்தான். எஸ்டிமேட் எழுதுமுன் பட்டறையில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். பில் எழுதிய பிறகு மாற்றக் கேட்டால் சந்தேகம் வரும்.

பெயிண்டிங்குக்கும் சேர்த்து மொத்தமாகப் பாதியைக் கழித்து எழுதிய மதிப்பீட்டுத் தாள் கையில் வந்தால், கையெழுத்துப் போடாதீர்கள். 40,000-க்கு 20,000 கழிப்பது பாலிசி வாசகத்துக்கே விரோதம். வாசகத்தின் பக்க எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் தேடிப்பிடித்த பாகம் இன்னொரு தலைவலி. ஆஸ்டினுக்கும் ஹெரால்டுக்கும் புது மட்கார்டு எந்தக் கடையிலும் கிடைக்காது. உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பாகம்தான் கிடைக்கும், அல்லது டிங்கர் தகடு வெட்டிச் செய்து தர வேண்டும். கிடைத்த பாகத்துக்கு ஜி.எஸ்.டி. பில் இருக்காது, பில் இல்லாத பாகத்துக்கு நிறுவனம் பணம் தராது. தகடு வெட்டிச் செய்தால் அதில் பெரும்பகுதி கூலியாக வரும்; அதற்குத் தேய்மானமும் இல்லை. பழைய காருக்குக் கையால் செய்த பாகமே காப்பீட்டுக் கணக்கிலும் நல்லதாக முடிவது எனக்கு மகிழ்ச்சி தருகிற விஷயம்.

வண்டியையே விழுங்கும் கட்டம்

பாலிசியின் முதல் பக்கத்தில் ஐ.டி.வி. என்ற கட்டம் ஒன்று இருக்கும். வண்டிக்கு நிறுவனம் ஏற்றுக்கொண்ட மதிப்பு அது. ஐந்து வயது வரை அதற்குப் பட்டியல் உண்டு. அதைத் தாண்டிய வண்டிகளுக்கும், கம்பெனி நிறுத்திவிட்ட மாடல்களுக்கும், நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்ய வேண்டும். பேசி முடிவு செய்வது என்பது பெயருக்குத்தான். ஏஜென்ட் ஒரு சின்னத் தொகையைப் போடுகிறார். பிரீமியம் குறைகிறதே என்று நாமும் தலையாட்டுகிறோம்.

அதே ஆஸ்டினின் ஐ.டி.வி. 75,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு நஷ்டம் என்று நிறுவனம் அறிவிக்கலாம். 75,000-க்கு முக்கால்வாசி 56,250. நம் கணக்கில் வந்தது 61,000. ஒரு கதவும் ஒரு மட்கார்டும் நசுங்கியதற்கு, ஓடுகிற வண்டி காகிதத்தில் செத்துப்போகிறது. ஐ.டி.வி.யில் கட்டாயக் கழிவு போக 74,000 ரூபாய் கையில் வருகிறதே என்று சந்தோஷப்பட முடியாது. நொறுங்கிய வண்டியை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். வேண்டாம், எனக்கே வேண்டும் என்றால் அதற்கு ஒரு விலை போட்டுக் கழித்துக்கொள்ளும். ஆர்.சி.யை ரத்து செய்து வரச் சொல்லும். அப்பா வாங்கிய, எம்.எஸ்.ஒய். என்று தொடங்கும் பழைய பதிவு நம்பர் அத்தோடு போகும். அந்த நம்பரை எந்தப் பெயிண்டரும் திரும்ப எழுதித் தர முடியாது.

ஆகவே பழைய கார் வைத்திருக்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை, அரசு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் காரைக் காட்டி மதிப்புச் சான்று வாங்கி, அதை இணைத்து ஐ.டி.வி.யை உண்மைக்குப் பக்கத்தில் கொண்டுவருவது. பிரீமியம் கூடும். கூடட்டும். வண்டிக்கு இரண்டு லட்சம் என்று இருந்தால் முக்கால்வாசி 1,50,000. 61,000 ரூபாய் பழுது பழுதாகவே இருக்கும்.

கூடவே புகைப்படங்கள் வேண்டும். வெயிலில், நாலு பக்கமும், ஒவ்வொரு தகடும் தனித்தனியாக, கதவின் அடி ஓரமும் மட்கார்டின் உள்வளைவும் தெரிகிறாற்போல, தேதியோடு. கையில் பிடிக்கிற சின்னக் கருவியால் பெயிண்ட்டின் தடிமனை மைக்ரான் கணக்கில் அளந்து எழுதிவைக்கிற பட்டறைகள் இருக்கின்றன; அந்தத் தாளும் இருந்தால் நல்லது. துரு முன்பே இருந்தது என்று சர்வேயர் எழுதும்போது, ‘இல்லை’ என்ற வாய்வார்த்தை நிற்காது; படம் நிற்கும். படத்தில் துரு இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். துருவுக்கான பங்கைக் கழித்துவிட்டு விபத்துக்கான பங்கைக் கேட்பது நேர்மையான வழி. இழுத்தடிக்கவும் அங்கே இடமிருக்காது.

ஆர்.சி.யில் நிறத்தையும் பாருங்கள். புத்தகத்தில் கறுப்பு, வாசலில் நிற்பது கிரீம் என்றால், நடுவில் யாரோ நிறம் மாற்றிவிட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதியாமல் விட்டிருக்கிறார்கள். நிறம் பூசுவதற்கே பணம் கேட்கிற கோரிக்கையில் அது முதல் கேள்வியாக வந்து நிற்கும்.

மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருக்கிறவர்களுக்குச் சொந்த வண்டியின் பெயிண்ட்டுக்கு எதுவும் கிடையாது. பழைய வண்டிதானே என்று சட்டத்துக்காக மட்டும் பாலிசி எடுத்து நிறுத்திவைத்திருப்பவர்கள் நம்மூரில் நிறையப் பேர்.

லாரியின் பாலிசி

இடித்தது லாரி, தவறும் லாரியுடையது என்றால் உங்கள் பாலிசி ஒரு வழிதான். லாரிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு இருக்கும். பிறர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமாக ஏழரை லட்சம் ரூபாய் வரை அது பொறுப்பேற்கும். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவது பாதுகாப்பு. அங்கே உங்கள் பாலிசியின் தேய்மானப் பட்டியல் உங்களைக் கட்டாது. அது உங்களுக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். லாரிக்காரரின் கவனக்குறைவால் உங்களுக்கு ஏற்பட்ட உண்மையான நஷ்டம் எவ்வளவு என்பதுதான் தீர்ப்பாயத்தின் கேள்வி. ஒரே நஷ்டத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்க முடியாது. ஆனால் உங்கள் பாலிசி கழித்த அந்த 14,000-ஐ அங்கே கேட்க இடமிருக்கிறது.

அதற்கு அன்றைய தினமே காவல் நிலையத்தில் புகார் தேவை. எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீதோடு அனுப்பிவைப்பது வழக்கம். காப்பீட்டு நிறுவனத்தில் சின்னச் சேதத்துக்கு அது போதலாம். தீர்ப்பாயத்துக்குப் போகிற எண்ணம் இருந்தால் எஃப்.ஐ.ஆரைக் கேட்டு வாங்குங்கள். சாலையோரத்தில் லாரிக்காரர் நீட்டும் ஐயாயிரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டு, பட்டறையில் எஸ்டிமேட்டைப் பார்த்துத் தலையில் கைவைப்பவர்களுக்கு அப்புறம் ஒரு வழியும் இல்லை.

உங்கள் நிறுவனம் பணம் தரும்போது ‘முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளை நீட்டும். ஒப்புக்கொள்ளாத தொகை ஏதும் இருந்தால், ‘ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று கையெழுத்தின் மேலேயே எழுதுங்கள். வற்புறுத்தியோ ஏமாற்றியோ வாங்கிய ரசீது மட்டுமே கோரிக்கையை முடித்துவிடாது என்று 1999-ல் அஜ்மீர் சிங் காட்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வற்புறுத்தலை நிரூபிப்பது உங்கள் தலையில் விழும், எழுதிவைப்பது சுலபம். சர்வேயரின் அறிக்கையும் கடைசி வார்த்தை அல்ல என்று 2009-ல் பிரதீப் குமார் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தராமல் இழுத்தால் அதையும் எழுத்தில் பதியுங்கள்.

எண்ணெய் வந்த டிசம்பர்

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, மணலியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் புறப்பட்டது. சென்னைப் பெட்ரோலிய நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றுக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் அது பரவியது. வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு விழுந்தது. படகுகளும் வலைகளும் தார் பூசினாற்போல ஆயின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதைத் தானாக விசாரணைக்கு எடுத்தது.

அந்தத் தண்ணீரில் நின்ற கார்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. முழுமையான பாலிசியில் வெள்ளமும் புயலும் அடங்கும். எண்ணெய்க் கறை வெள்ளத்தோடு வந்த கறை. வெள்ளத்தின் விளைவாகவே அதைக் கோர வேண்டும். தண்ணீர் நின்ற கோடு வண்டியில் தெரிகிறபோதே படம் எடுத்துவிட வேண்டும், கழுவிய பிறகு அல்ல. இன்ஜினைக் கிளப்பிப் பார்க்கக் கூடாது. அதனால் வரும் சேதத்தைத் தொடர் நஷ்டம் என்று தள்ளிவிடுவார்கள். பழைய கார்களில் கதவுக்குள்ளும் ஃபுட்போர்டுக்கு அடியிலுள்ள பெட்டிகளிலும் சேறு தங்கிவிடும். மூன்று நாலு மாதம் கழித்துப் பெயிண்ட் உள்ளிருந்து கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அதற்குள் கோரிக்கை முடிந்து பணமும் வந்திருக்கும். சர்வே நடக்கும்போதே கதவின் உள்தட்டைக் கழற்றிக் காட்டி, அறிக்கையில் அதைப் பதியச் சொல்லுங்கள்.

படகுகளின் கதை வேறு. தமிழக அரசு அந்த மாதம் நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய். மொத்தம் 8.68 கோடி. உடனே கிடைத்த பணம். அதன் அருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் புதுப் படகுக்கும் பழைய படகுக்கும், மேலே கறை பட்டதற்கும் இன்ஜினுக்குள் எண்ணெய் போனதற்கும் ஒரே தொகைதான். ஒவ்வொரு படகின் சேதத்தையும் தனித்தனியே அளந்து மதிப்பிட்டிருந்தால் தொகைகள் வேறு வேறாக வந்திருக்கும். கார்க்காரர் ஒரு தகட்டுக்கு எத்தனை சதவீதம் என்று சண்டை போடுகிறார் என்றால், சண்டை போட அவரிடம் ஒரு பாலிசித் தாள் இருக்கிறது. காட்டூர், பழவேற்காட்டு மீனவர்கள் கையிலும் அந்தத் தாள் இருக்க வேண்டும். படகு காப்பீட்டை மீனவக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியே ஊர் ஊராகச் சேர்க்கிற வேலையை மீன்வளத் துறை கையிலெடுக்க வேண்டும். அடுத்த வெள்ளம் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

எங்கே போவது

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 ஜூன் சுற்றறிக்கைப்படி, சர்வேயரின் அறிக்கையை 15 நாளில் வாங்கி, அது வந்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். நிறுவனத்தின் முடிவு பிடிக்கவில்லையா, முதலில் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. அவர் தருகிற தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டும். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக உங்களுக்கு உரிமை உண்டு.

மனுவில் அப்பா வாங்கிய கார், ஐம்பது வருஷ உறவு என்று இரண்டு பக்கம் எழுதத் தோன்றும். அதை இரண்டு வரியில் முடித்துவிட்டு, மிச்சத்தில் எந்தத் தகடு, எத்தனை ரூபாய் பில், பாலிசியின் எந்த வாசகப்படி எவ்வளவு வரவேண்டும், எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள். அடிபடும் முன் எடுத்த படம், அடிபட்ட பின் எடுத்த படம், எஸ்டிமேட், சர்வேயர் அறிக்கை, மதிப்புச் சான்று ஆகிய ஐந்தையும் இணையுங்கள். பெயிண்டிங்கில் முறைதவறிக் கழித்த 15,000 ரூபாய்க்காகக்கூட இந்த மனுவைப் போடலாம்.